தேயாத பேட்

காருக்கு பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்று ஆசிரியர் அறையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மதிய இடைவேளை. என்னைத் தவிர ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேருக்கும் உறுதியான கருத்து இருந்தது. கம்பெனி பேட்தான் போட வேண்டும் என்றார் கணக்கு ஆசிரியர். அதெல்லாம் வெளியில் கிடைக்கும் அதே பேட், அட்டைப்பெட்டிக்குத்தான் கூடுதல் காசு என்றார் உடற்கல்வி ஆசிரியர். செராமிக் என்றார் ஒருவர். இணையத்தில் பாதி விலை என்றார் இன்னொருவர். தமிழாசிரியை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "எது ரொம்ப நாள் உழைக்குமோ அதை வாங்குங்கள் டீச்சர், வேறென்ன பார்க்க வேண்டும்?" என்றார். சண்டை அதோடு நின்றது. அந்த ஒன்றில் எல்லோருக்கும் உடன்பாடு.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் அந்த ஒன்றை நம்பித்தான் ஒரு செட் வாங்கிப் போட்டேன். அன்று கழற்ற வேண்டியிருந்தது அதைத்தான்.

கோவையில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். கார், பதினோரு வயதான சிறிய ஹேட்ச்பேக். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்; சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இருபுறமும் அழுத்திப் பிடித்து நிறுத்துபவை பேட்டுகள். பின்சக்கரங்களில் டிரம் பிரேக். வாரம் முழுக்க அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்து கிடக்கும். மாதம் ஒருமுறை கோத்தகிரியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஏறி இறங்கும். பிரேக்குக்கு இந்த இரண்டும் ஒரே வேலை அல்ல என்பதை ஏட்டளவில் அறிந்தவள்தான் நான். கால் அளவில் அறிந்தது கடந்த சித்திரையில்.

அன்று காரில் ஐந்து பேர். டிக்கியில் அக்கா ஏற்றிவிட்ட கேரட், பீட்ரூட், அரை மூட்டை உருளைக்கிழங்கு. மூன்றாவது கியரில், வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். "ஏதோ கருகும் வாடை வருகிறதே" என்றார் பின்னாலிருந்து அத்தை. முன்னால் போகும் லாரியாக இருக்கும் என்றேன். குஞ்சப்பனையைத் தாண்டி ஓர் இறக்கம், பிரேக்கை மிதித்தேன். பெடல் வழக்கம்போல் கல்லாக நின்றது. கார் மட்டும் நிற்க மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது கியருக்குத் தள்ளி, கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து, சாலையோர மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். முன்சக்கரங்களிலிருந்து புகை. தண்ணீர் பாட்டிலோடு நான் குனிவதைப் பார்த்து எதிரே ஏறிவந்த ஜீப் நின்றது. "அக்கா, தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், டிஸ்க் கோணிப் போகும். சும்மா விடுங்கள், தானாக ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் போய்விட்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

அந்த வாடை எனக்குப் பழக்கமானது என்று வீட்டுக்கு வந்த பிறகு நினைவு வந்தது. பழைய வீடுகளில் காப்பி நிறத்தில் பேக்கலைட் சுவிட்சுகள் இருக்குமே, அவை தீய்ந்தால் வரும் வாடை. மூக்கு தவறவில்லை. பேட்டில் இருக்கும் இழைகளையும் பொடிகளையும் ஒட்டவைத்துப் பிடித்திருப்பது பீனாலிக் பிசின். 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட்டின் சொந்தக்காரன். அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பிசின் சிதைந்து வாயுவை விடுகிறது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அந்த வாயு மெல்லிய படலமாக நிற்கிறது. கால் பெடலை அழுத்துகிறது, பெடல் எண்ணெயை அழுத்துகிறது, எண்ணெய் பேட்டை அழுத்துகிறது, பேட் வழுக்குகிறது.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெடல் கெட்டியாக நின்று கார் நிற்காவிட்டால் பேட் சூட்டில் தோற்றுவிட்டது என்று பொருள். பெடலே பஞ்சுபோல் அமிழ்ந்து தரைக்குப் போனால் கொதித்திருப்பது பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழசான பின் அதற்கான வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, பழசானால் 155. இரண்டாவது வகைக் கோளாறுக்கு உலகத்திலேயே விலை உயர்ந்த பேட்டை வாங்கிப் போட்டாலும் பயன் இல்லை. எனக்கு நேர்ந்தது முதல் வகை.

கரும்பலகை இருந்தால் இதை எழுதியே காட்டியிருப்பேன். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முந்நூறு மீட்டரும் சொச்சமும். இறக்கம் 1,450 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆள், காய்கறி எல்லாம் சேர்த்துக் கார் 1,200 கிலோ. பெருக்கி, 9.8ஆலும் பெருக்கினால் ஒரு கோடியே எழுபது லட்சம் ஜூல். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே காரை முழுதாக நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டியது ஒன்றே முக்கால் லட்சம் ஜூல்கூட இல்லை. ஆக ஒரு மலை இறக்கம் என்பது நகரத்தில் நூறு முறை கார் நிற்பதற்குச் சமம். அந்த நூறும் இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது. சமையலறைக் கணக்கில் சொன்னால், 58 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. கல்யாண வீட்டு அண்டா ஒன்று.

அந்த வெப்பம் முழுவதும் பிரேக்குக்குப் போகாது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டயர் கொஞ்சம், இஞ்சின் கொஞ்சம். இதில் இஞ்சினின் பங்கை மட்டும் நாம் தீர்மானிக்கலாம், கியர் அதற்குத்தான். மூன்றாவது கியரில் வந்த நான் இஞ்சினுக்குச் சில்லறையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எல்லாம் இரண்டு முன்சக்கரப் பேட்டுகளின் தலையில் கட்டியிருக்கிறேன். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இஞ்சின்கள் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும்; நியூட்ரலில்தான் இஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதற்காகப் பெட்ரோல் குடிக்கும். என் பெரியப்பாவிடம் இதைச் சொல்லி இருபது நிமிடம் வாதாடித் தோற்றிருக்கிறேன்.

ஆகவே பாதித் தவறு என் கியரில். மீதிப் பாதியைப் பார்க்க சிங்காநல்லூர் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணா அறுபதைத் தாண்டியவர், அவசரப்பட்டு எதையும் சொல்லமாட்டார். ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, பேட்டுகளை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும் காலிப்பரைத் தூக்கிப் பேட்டை வெளியே எடுத்தார். முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வலது பேட்டில் இன்னும் ஏழு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. புது பேட்டே பத்து, பதினொன்றுதான் இருக்கும்.

"பாருங்கள் அண்ணா, இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது" என்றேன், ஏதோ என் மாணவி மதிப்பெண் வாங்கியதுபோல.

அவர் டிஸ்க்கின்மேல் கட்டைவிரல் நகத்தை மையத்திலிருந்து விளிம்புவரை இழுத்தார். டடடட என்று சத்தம் வந்தது. பழைய இசைத்தட்டுபோல வரிவரியாகப் பள்ளம்.

"பேட் தேயவில்லை டீச்சர். டிஸ்க் தேய்ந்திருக்கிறது."

டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். என்னுடையதில் குறைந்தபட்சத் தடிமன் 15 மில்லிமீட்டர் என்று இருந்தது. புதிதாக இருந்தபோது 17. இப்போது எவ்வளவு என்று கேட்டதற்கு அண்ணா கண்ணைச் சுருக்கி, "பதினாறு இருக்கும்" என்றார். மறுநாள் பள்ளி ஆய்வகத்திலிருந்து வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். வெர்னியர் 17 என்று காட்டியது, பொய். டிஸ்க்கின் ஓரத்தில் பேட் படாத ஒரு வரம்பு, வயல் வரப்புபோல உயர்ந்து நிற்கும். வெர்னியரின் தாடைகள் அதன்மேல்தான் உட்காரும். திருகு அளவி அந்த வரப்பைத் தாண்டி உள்ளே போய் அளந்தது. 15.38. பத்து வருடமாக "அந்தக் கருவிக்கு என்ன பயன் மிஸ்?" என்று கேட்கும் குழந்தைகளுக்கு இனி என்னிடம் பதில் இருக்கிறது.

லேத்தில் கொடுத்து வரிகளைக் கடைந்து எடுக்கலாம் என்றால், எடுத்த பிறகு 15க்குக் கீழே போய்விடும். இரண்டு டிஸ்க்குகளும் புதிதாக வாங்க வேண்டும். விலை 3,600 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு முன் "60,000 கிலோமீட்டர் உழைக்கும்" என்று பெட்டியில் அச்சிட்டிருந்த அந்த பேட்டை வாங்கியதில் நான் மிச்சம் பிடித்தது 500 ரூபாய்க்கும் கீழே.

வகுப்பில் கடினமான மட்ட ரப்பரால் அழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் அப்படியே இருக்கும், தாள் கிழிந்திருக்கும். நல்ல ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து கொடுக்கும். அது உதிர்வதால்தான் தாள் பிழைக்கிறது. பேட்டின் வேலையும் அதுவே. இரண்டு பொருள்கள் உரசினால் ஏதாவது ஒன்று தேயத்தான் செய்யும். எது தேய வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே முடிவுசெய்து, விலை குறைந்ததை, கழற்ற எளிதானதைத் தேயவிட்டிருக்கிறார்கள். நாம் தேயாத பொருளைத் தேடிப்போய் அந்த முடிவைத் தலைகீழாக்குகிறோம். பாத்திரம், செருப்பு, புடவை எல்லாவற்றையும் "நாள்பட உழைக்குமா?" என்று கேட்டு வாங்கியே பழகிய கை.

செருப்பு என்றதும் ஒரு கதை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ஸ்ஹைமுக்குப் போனார். நூறு கிலோமீட்டரைத் தாண்டிய பயணம். வழியில் இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோனது. அவர் போய் நின்றது கொல்லன் வீட்டு வாசலில் அல்ல, செருப்புத் தைப்பவர் வாசலில். கட்டையின்மேல் தோலை வைத்து ஆணியடிக்கச் சொன்னார். முதல் பிரேக் லைனிங், அதாவது உரசித் தேய்வதற்கென்றே வைக்கும் மேலுறை, அதுதான் என்பார்கள். பத்தாண்டு கழித்து இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸைப் பிரேக் கட்டையில் கட்டிக்கொண்டு இறங்குவதைக் கவனித்தார். 1897இல் அவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ என்ற பிரேக் லைனிங் நிறுவனம். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தை நடுவே செருகி வைத்த பெயர். இரண்டு கதையிலும் மலை இறக்கம், இரண்டிலும் தோல். பெர்த்தாவும் அந்த வண்டிக்காரர்களும் கட்டையைக் காப்பாற்றத் தோலைத் தேயவிட்டார்கள். நான் என் 500 ரூபாயைக் காப்பாற்ற டிஸ்க்கைத் தேயவிட்டேன்.

பட்டறைக்குத் திரும்புகிறேன். இன்னொரு குற்றவாளியும் இருந்தான். இடது சக்கரத்தில் வெளிப்பேட் ஏழு மில்லிமீட்டர், உள்பேட் இரண்டே மில்லிமீட்டர். காலிப்பர் உள்ளும் புறமும் நழுவ உதவும் 'பின்' என்ற இரும்புக் குச்சி துருவேறி இறுகிவிட்டது. அதனால் எண்ணெய் அழுத்தத்தில் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் பக்கத்து பேட் மட்டும் தனியாளாக வேலை செய்திருக்கிறது. சில மாதங்களாகப் பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுத்ததை நான் டயர் காற்றின்மேல் பழிபோட்டு வந்தேன். பின்னைக் கழற்றி, சுத்தம் செய்து, சிலிக்கோன் கிரீஸ் தடவினால் தீர்ந்துவிடும் கோளாறு. எந்த பேட் நல்லது என்று மணிக்கணக்கில் பேசும் நம்மில் எத்தனை பேர் "பின் நழுவுகிறதா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டிருப்போம்? நான் கேட்டதில்லை.

பையன் ஒருவன் காலிப்பரில் படிந்த கருந்தூளைக் காற்றுக் குழாயால் ஊத வந்தான். அண்ணா அதட்டி, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். சரியான அதட்டல். சூட்டைத் தாங்கும் என்பதற்காகப் பல பத்தாண்டுகள் பேட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தார்கள். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கல்நாருக்கு முழுத் தடை. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு நம் ஊரில் பெட்டியின் வாக்குமூலம் மட்டுமே சாட்சி. கல்நார் இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். எதுவானாலும் அந்தத் தூளை ஊதவிடாதீர்கள்.

உதிரிபாகக் கடையில் என் காரின் மாடலையும் ஆண்டையும் சொன்னதும் மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார்கள். கார் கம்பெனியின் பெயரில் வருவது 2,150 ரூபாய். பேட் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் இந்திய நிறுவனத்தினுடையது 1,480. மூன்றாவது, தீப்பிழம்புகளும் பந்தயக் காரும் அச்சிட்ட பளபளப்புப் பெட்டி, 850. "இது செராமிக் மேடம், ஃபெராரியில் இருக்கும் டெக்னாலஜி" என்றார் கடைத் தம்பி, மூன்றாவதைத் தட்டியபடி.

ஃபெராரியில் இருப்பது கார்பன் செராமிக் டிஸ்க். அது டிஸ்க்கே வேறு பொருளால் ஆனது. அதன் விலைக்கு என் காரைப் போல நாலைந்து பழைய கார்கள் வாங்கலாம். செராமிக் பேட் என்பது வார்ப்பிரும்பு டிஸ்க்கிலேயே உரசும் சாதாரண பேட்தான். கலவையில் எஃகு இழைக்குப் பதிலாகச் செராமிக் இழைகள் இருக்கும். சத்தம் குறைவு, தூள் வெளிர் நிறத்தில் விழுவதால் சக்கரம் அழுக்காகத் தெரியாது. உண்மையான செராமிக் பேட் நல்ல பொருள்தான். ஆனால் எண்ணூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது பெட்டியில் மட்டுமே செராமிக் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

மற்ற இரண்டு வகைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கானிக் என்று அழைக்கப்படுவது இழைகளும் ரப்பரும் பிசினும் கலந்த மென்மையான கலவை. அமைதியானது, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகக் கடிக்கும், டிஸ்க்கை வருத்தாது, சீக்கிரம் தேயும், நீண்ட சூட்டில் முதலில் கைவிடும். செமி மெட்டாலிக் என்பதில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை உலோகம். சூட்டைத் தாங்கும், கடத்தியும் விடும். காலைக் குளிரில் முதல் இரண்டு பிரேக் கொஞ்சம் சோம்பலாக இருக்கும்; கீச்சிடும்; டிஸ்க்கைக் கூடுதலாகத் தின்னும். இந்த இரண்டுக்கும் நடுவே குறைந்த அளவு உலோகம் கலந்தவையும் உண்டு. பந்தய பேட்டுகளைப் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். அவை நன்றாகச் சூடேறிய பிறகே முழுதாகக் கடிக்கும். காந்திபுரம் சிக்னலில் பள்ளிப் பிள்ளை குறுக்கே ஓடிவரும்போது உங்கள் பேட் குளிர்ந்துதான் இருக்கும்.

பெட்டி பேசுவதை நம்பாமல், பேட்டைத் திருப்பி அதன் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே பெயிண்டால் அச்சிட்ட ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் இறுதிப் பகுதியில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் விஷயம். அமெரிக்க வாகனப் பொறியாளர்கள் சங்கம் வகுத்த முறை அது. முதல் எழுத்து இயல்பான சூட்டில் உராய்வுக் குணகம், அதாவது பிடியின் அளவு. இரண்டாவது எழுத்து கடுஞ்சூட்டில் அதே குணகம். ஈ (E) என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45, ஜி (G) என்றால் 0.45 முதல் 0.55. எஃப் எஃப் என்றிருந்தால் சூடேறினாலும் பிடி அதே வரம்புக்குள் நிற்கிறது. எஃப் ஈ என்றிருந்தால் சூட்டில் ஒரு படி இறங்குகிறது. நகரத்தோடு நிற்பவர்களுக்கு முதல் எழுத்து போதும். மலையேறுபவர்கள் இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் கழற்றி வைத்திருந்த என் பழைய பேட்டைத் துடைத்துப் பார்த்தேன். எஃப் ஈ. மூன்று ஆண்டுகளாக என் காரிலேயே எழுதி ஒட்டியிருந்த எச்சரிக்கையை நான் படித்ததில்லை.

இதைத் தரவரிசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜி ஜி என்றால் எஃப் எஃப்பைவிட நல்லது என்று பொருள் இல்லை. ஓர் அங்குலச் சதுரத் துண்டை ஆய்வக இயந்திரத்தில் உரசிப் பார்த்த கணக்கு அது. உங்கள் காரில் பொருத்திப் பார்த்ததல்ல. காரை வடிவமைத்தவர் முன்சக்கர டிஸ்க்குக்கும் பின்சக்கர டிரம்முக்கும் பிடியைப் பங்கிட்டு வைத்திருக்கிறார். முன்னால் மட்டும் பிடியை ஏற்றினால் அந்தப் பங்கீடு குலையும். கழற்றிய ஒரிஜினலில் என்ன எழுத்து இருந்ததோ அதற்கு இணையானது போதும். இந்த வகையில் ஐரோப்பிய ஆர் 90 முத்திரைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். மாற்று பேட்டின் செயல்பாடு ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதியின் சாரம். குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு. ஏற்றுமதியும் செய்யும் நிறுவனங்களின் பெட்டிகளில் இது கண்ணில் படுகிறது.

மூன்று பெட்டிகளையும் திறந்து பார்க்க அனுமதி கேட்டேன். தம்பி தயங்கினார், உள்ளே இருந்த முதலாளி, "பார்க்கட்டும்ப்பா" என்றார். முதல் இரண்டிலும் எஃப் எஃப். பளபளப்புப் பெட்டியின் பேட்டில் எந்த எழுத்தும் இல்லை; ஓரத்தில் பொருள் பெயர்ந்திருந்தது, இரும்புத் தகட்டுக்கும் பேட்டுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. அதை மூடி வைத்துவிட்டேன்.

கணக்கு ஆசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் நடந்த சண்டையில் இருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. கார் கம்பெனிகள் பெரும்பாலும் பேட் தயாரிப்பதில்லை. வாங்கித் தம் பெட்டியில் போடுகின்றன. சென்னை பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, அதே பாடியில் 1974இல் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே என்று நம் மாநிலத்தில் இந்தத் தொழிலுக்கு நீண்ட வேர் உண்டு. ஆனால் கார் கம்பெனிக்குப் போகும் கலவையும் கடைக்கு வரும் கலவையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் 1,480 ரூபாய் பெட்டியை எடுத்தேன். ஆர் 90 முத்திரை இருந்தது, எழுத்து பொருந்தியது, சத்தத்தைக் குறைக்கும் மெல்லிய தகடும் புதுக் கிளிப்புகளும் உள்ளேயே இருந்தன. இந்தக் கிளிப்புகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பழையதையே மாட்டிவிட்டு "புது பேட் சத்தம் போடுகிறது" என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை சில. ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. வலதும் இடதும் சேர்த்துத்தான். புது பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். அப்போது எண்ணெய் மேலே டப்பாவுக்குத் திரும்பும். இடையில் யாராவது நல்லெண்ணத்தில் டாப் அப் செய்திருந்தால் வழிந்து பெயிண்டை அரிக்கும். நான்கு வருடப் பழைய ஆயில் என்பதால் எனக்கு அதையும் மாற்றினார்கள். எல்லாம் முடிந்து சாவியை வாங்கிக் காரைக் கிளப்பப் போனபோது அண்ணா கையை நீட்டித் தடுத்தார். "முதலில் பெடலை மிதியுங்கள்." மிதித்தேன். தரைவரை போனது. நெஞ்சு ஒரு நொடி நின்றது. இரண்டாவது மிதியில் பாதி, நான்காவதில் கல். பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை அப்படித்தான் என்றார். பட்டறைச் சுவரில் பம்பர் உயரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "அவசரக்காரர் ஒருவர்" என்றார்.

புது தோசைக்கல்லில் முதல் தோசை வராது. எண்ணெய் தடவி, சூடாக்கி, வெங்காயத்தால் தேய்த்து, இரண்டு மூன்று தோசையைப் பலிகொடுத்துப் பழக்க வேண்டும். புது பேட்டும் புது டிஸ்க்கும் அதே ஜாதி. பேட்டின் பொருள் டிஸ்க்கின்மேல் மெல்லிய, சீரான படலமாகப் படிந்த பிறகே இரண்டும் ஒன்றையொன்று சரியாகப் பிடிக்கும். காலை ஐந்தரைக்கு நீலாம்பூர் தாண்டி ஆளில்லாத பக்கச் சாலை ஒன்றுக்குப் போனேன். அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துவரை நிதானமாக இறக்குவது, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுப்பது. எட்டு முறை. பேக்கலைட் வாடை லேசாக வந்தது. பிறகு பிரேக்கைத் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது பிரேக்கை அழுத்தியபடி நின்றுவிட்டால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்து, பின்னால் பெடலில் நடுக்கம் வரும். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் மூன்றாம் முறை என் கார் கடந்தபோது நின்றே பார்த்தார்.

பின்சக்கர டிரம்மைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது தனி உலகம், அதற்கு வேறு நாள்.

போன மாதம் கோத்தகிரி போய்வந்தோம். இறங்கும்போது இரண்டாவது கியர், அத்தைக்குப் பிடிக்காத இஞ்சின் இரைச்சல், பின்னால் ஹாரன் அடித்த இருவருக்கு வழிவிட்டது. குஞ்சப்பனையில் நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் உள்ளங்கையை அருகில் வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, புகை இல்லை, வாடை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முன்சக்கரத்தை விரலால் தொட்டு, கறுத்த விரலை என்னிடம் நீட்டினார். "முன்னே எல்லாம் இப்படி அழுக்காகாதே. புதுசு வாங்கியும் இப்படித் தேய்ந்து கொட்டுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?"

வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். 2,300 கிலோமீட்டரில் பேட் 10.1, டிஸ்க் 16.99. ஆய்வகப் பதிவேட்டில் திருகு அளவி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.